ஒரு கணக்கு, பல சிட்டை: உரக்கடைக் கடன் கொப்பியைக் கணினிக்கு மாற்றியபோது பட்டவை

இலங்கையின் வன்னியில் உரக்கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், இந்தத் தொழிலில் பாதி உரம், பாதி எழுத்து. விதைப்புக் காலத்தில் பொருள் கடனாகப் போகும். நெல் வெட்டி விற்ற பிறகுதான் காசு வரும். இடையில் நாலு மாதத்துக்குக் கடையின் முதல் முழுவதும் கொப்பியில்தான் நிற்கும். எங்கள் கடை பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருக்கிறது. சித்தப்பாவின் கடை, கணக்கு என் பொறுப்பு. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம் ஆட்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். மழைக்காலப் போகமான காலபோகத்துக்கு யூரியா, ரிஎஸ்பி, எம்ஓபி உரங்கள், களைநாசினி என்று லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) ஏற்றிக்கொண்டு போவார்கள். கோடைப் போகமான சிறுபோகம் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்தது. மேட்டுக்காணிக்காரர் கச்சானுக்கும் உழுந்துக்கும் சில்லறையாக வாங்குவார்கள். இந்தக் கடன் கணக்கைப் புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் செய்துகொள்ளலாம் என்று சொல்லும் நோ-கோட் டேட்டாபேஸ் ஒன்றுக்கு மாற்றப் போய், ஒரு காலபோகமும் அடுத்த சிறுபோகமும் சரியான நித்திரை இல்லாமல் திரிந்தேன். பக்கத்தில் கேட்க ஆளில்லை. யூடியூப்பில் தேடினால், ஒன்றுக்குப் பல என்ற உறவை எல்லோரும் ‘ஒரு எழுத்தாளர், பல புத்தகங்கள்’ என்றே விளக்குகிறார்கள். அது விளங்கும்தான். ஆனால் அந்த எழுத்தாளர் கடனுக்குப் புத்தகம் எடுப்பதில்லை, தகப்பனின் பெயரில் மகன் வந்து எடுத்துப் போவதுமில்லை.

முதலில் இருந்தது கூகிள் ஷீட்ஸ். கணினி தெரிந்த ஒருவரைப் பிடித்து 15,000 ரூபாய் கொடுத்துச் செய்வித்தோம். பார்வைக்கு நல்ல வடிவு. ஒரு கமக்காரருக்கு ஒரு நிரை (கிடை வரி). பெயர், ஊர், போன், பிறகு பொருள் 1, விலை 1, பொருள் 2, விலை 2 என்று எட்டு வரைக்கும் நிரல்கள் (நெடுக்குக் கட்டங்கள்). அதன் பிறகு கட்டியது 1, கட்டியது 2, கட்டியது 3. கடைசியில் நிலுவை. ஒன்பதாவது தடவை ஒருவர் கடன் கேட்டு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. எழுத இடமில்லை. கடையில் நின்ற பெடியன் எட்டாவது கட்டத்துக்குள்ளேயே ‘6500+3200’ என்று சேர்த்து எழுதிவிட்டான். கூகிள் ஷீட்ஸ் அதை எண்ணாக எடுக்காது, வெறும் எழுத்தாகத்தான் எடுக்கும். மொத்தம் கூட்டும்போது அந்தக் கட்டத்தை ஓசைப்படாமல் விட்டுவிடும். வேறு சிலருக்கு ஆகக் கடைசியில் புது நிரல் போட்டு எழுதியிருந்தது, அது கூட்டலின் எல்லைக்கு வெளியே நின்றது. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தபோது 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட எவருடைய நிலுவையிலும் சேராமல் கிடந்தது. ‘கணக்கு முடிஞ்சுது’ என்று நாங்களே சொல்லிச் சந்தோசமாக அனுப்பிவைத்த ஆட்களிடம் திரும்பப் போய்க் கேட்பது எவ்வளவு வெட்கம் என்று சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் தந்தார்கள். மீதி போனது போனதுதான்.

இதில் எனக்கு எரிச்சலூட்டியது ஒன்று உண்டு. எங்கள் பழைய கொப்பி இதைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு வரி. நூறு தடவை வாங்கினாலும் வரி கீழே கீழே போகுமே தவிர, பக்கம் அகலமாவதில்லை. ஒன்றுக்குப் பல என்ற உறவு அதுதான், அதைத்தான் கணினிக்குப் போகும் வழியில் தொலைத்திருந்தோம். ஆகவே முதலாவது அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஷீட்டில் ஒரே பெயருக்கு 1, 2, 3 என்று இலக்கம் போட்ட நிரல்கள் இருந்தால், அங்கே இரண்டாவது டேபிள் (தனிப் பட்டியல்) ஒன்று ஒளிந்திருக்கிறது. பிள்ளை 1, பிள்ளை 2 என்றாலும் சரி, மாடு 1, மாடு 2 என்றாலும் சரி.

அதற்குப் பயந்து அடுத்த போகத்தில் நேர் எதிராகப் போனோம். ஒரே ஷீட், ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு நிரை, ஒவ்வொரு நிரையிலும் பெயர், ஊர், போன் எல்லாம் திரும்பத் திரும்ப. இடம் போதாமல் போகவில்லை. ஆனால் இப்போது ஆட்கள் பெருகத் தொடங்கினார்கள். செல்வராசா, செல்வராஜா, சி.செல்வராசா, செல்வராசா அண்ணை என்று ஒரே ஆள் நாலு பேராக நின்றார். பெயர்வாரியாகக் கூட்டினால் ஒருவரின் கடன் நாலு துண்டாக வந்தது. அதே நேரம் உண்மையிலேயே மூன்று செல்வராசாக்கள் எங்களிடம் வாங்குகிறார்கள், அவர்கள் மூவரும் சில இடங்களில் ஒருவராகிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். பெயரை நம்பிக் கணக்கு வைக்க முடியாத இடம் இது.

எயார்டேபிள் என்ற நோ-கோட் டேட்டாபேஸுக்குப் போனது இதன் பிறகுதான். அங்கே ஆட்களுக்கு ஒரு டேபிள், சிட்டைகளுக்கு, அதாவது ஒவ்வொரு விற்பனைக்கும் எழுதும் துண்டுகளுக்கு, ஒரு டேபிள். சிட்டை டேபிளில் ‘இன்னொரு பதிவுடன் இணை’ என்ற வகையில் ஒரு நிரல் போட்டு, இந்தச் சிட்டை இன்னாருடையது என்று காட்ட வேண்டும். வாய்க்காலை நினைத்துக்கொண்டால் விளங்கும். ஒரு வாய்க்கால் பல வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும், ஆனால் ஒரு வயல் எந்த வாய்க்காலில் பாய்கிறது என்று கேட்டால் ஒரு பதில்தான் இருக்கும். அந்த ஒரு பதிலை எழுத வேண்டிய இடம் வயலின் பக்கம். ஆகவே ‘பல’ எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தில்தான் இணைப்பு இருக்க வேண்டும். இது நேற்று வந்த புதுமையும் இல்லை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட் 1970இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த அடித்தளம் இருக்கிறது. இன்றைய நோ-கோட் கருவிகள் அதற்கு நிறம் பூசி, இழுத்துவிடும்படி செய்து தருகின்றன, அவ்வளவுதான். எயார்டேபிள் குழப்புவது எங்கே என்றால், நீங்கள் சிட்டைப் பக்கத்தில் இணைப்பைப் போட்டதும், ஆட்கள் பக்கத்தில் மறு இணைப்பு நிரலைத் தானாகவே உண்டாக்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும், எது ‘ஒன்று’ எது ‘பல’ என்று முகத்தில் எழுதியிருக்காது. அதைக் காகிதத்தில் நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பழைய ஷீட்டிலிருந்து ஒட்டியபோது வந்த கூத்தையும் சொல்ல வேண்டும். எழுத்தாக இருக்கும் பெயர் நிரலை இணைப்பு நிரலாக மாற்றினால், பெயர் அச்சொட்டாகப் பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் எயார்டேபிள் ஒரு புது ஆளை உருவாக்கிவிடும். நாலு செல்வராசாவும் நாலு பதிவாகக் குடியேறிவிட்டார்கள். இடையில் காற்புள்ளி இருந்தால் அதை இரண்டு பதிவாக வெட்டும். ‘யூரியா, எம்ஓபி’ என்று ஒரே கட்டத்தில் எழுதியிருந்த இடங்களில் அது நமக்கு வசதியாகப் போனது. ‘செல்வராசா, விசுவமடு’ என்று எழுதியிருந்த இடங்களில் விசுவமடுவும் ஒரு கமக்காரராக வந்து நின்றது. சிரித்துவிட்டு, ஒவ்வொன்றாக உட்கார்ந்து துப்புரவாக்கினேன். மாற்றும் முன்பே பழைய ஷீட்டில் பெயர்களை ஒழுங்குபடுத்தினால் இதில் பெரும்பகுதி வராது.

பெயர் சரிவராது என்றால் அடையாள அட்டை இலக்கத்தை வைப்போமா என்று யோசிப்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் வைத்தேன். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வரும் புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழைய அட்டைக்காரர் புதியதை எடுத்தால் எழுதும் இலக்கமும் மாறிவிடும். பழைய இலக்கத்தில் முன்னால் 19ஐப் போட்டு நடுவில் ஒரு சைபரையும் சேர்த்தால் புதியது வரும் என்பது உண்மை, ஆனால் உரப்பை தூக்கிக் கொடுத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் எவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்? போன் இலக்கம் அதைவிட மோசம், சிம் மாறும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே போனாக இருக்கும். தவிர, ஓர் உரக்கடைக்கு ஊராரின் அடையாள அட்டை இலக்கங்களைச் சேர்த்து வைக்க என்ன தேவை? கடைசியில் நாங்களே ஓர் இலக்கம் கொடுத்தோம். கே-001, கே-002 என்று, அர்த்தம் ஒன்றும் இல்லாத வெறும் இலக்கம். சின்னக் காட் ஒன்றில் எழுதிக் கொடுத்தோம். எயார்டேபிளில் முதல் நிரலில் இருப்பதுதான் இணைக்கும்போது கண்ணுக்குத் தெரியும். அதனால் முதல் நிரலை இலக்கம், பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துக் காட்டும் சூத்திரமாக வைத்தேன். தேர்ந்தெடுக்கும்போது எந்தச் செல்வராசா என்று அதற்குப் பிறகு தடுமாற்றம் வரவில்லை.

இந்த இலக்கம் வருவதற்கு முன்னர் ஒரு நாள் வயதான ஐயா ஒருவர் காசு கட்ட வந்தார். நிலுவை அவர் நினைத்ததைவிட 42,000 ரூபாய் கூடுதலாகக் காட்டியது. மனிதர் சத்தம் போடவில்லை. இடுப்பிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து, காலபோகத் தொடக்கத்திலிருந்து நாங்கள் கொடுத்த எல்லாப் பற்றுச்சீட்டையும் மேசையில் பரப்பினார். 2009 போரில் காணி உறுதி முதல் பிறப்புச் சான்றிதழ் வரை தொலைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கந்தோர் கந்தோராக அலைந்த சனம், ஒரு துண்டுக் கடதாசியையும் எறியாது. “பிள்ளை, உங்கட மெசின் பிழைவிடும், இது பிழைவிடாது. ஆறுதலாக் கூட்டிப் பாருங்கோ” என்றார். கூட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. வேறொரு ஆளின் சிட்டை ஒன்று இரண்டு பேருடனும் சேர்த்து இணைக்கப்பட்டிருந்தது. எயார்டேபிளில் இணைப்பு நிரல் போடும்போது ‘பல பதிவுகளுடன் இணைக்க அனுமதி’ என்ற தெரிவு தொடக்கத்திலேயே திறந்துதான் இருக்கும். ஒருவர் ஆளைத் தேர்ந்து, பிழை என்று கண்டு, பழையதை எடுக்காமல் சரியான ஆளையும் சேர்த்துவிட்டால் சிட்டை இரண்டு பேருக்கும் சொந்தமாகிவிடும். இரண்டு பேருடைய கூட்டலிலும் முழுத் தொகையும் ஏறும். சிட்டைப் பக்கத்து நிரலில் அந்தத் தெரிவை மூடிவிடுங்கள். ஆனால் மூடினால் இனி வருவதற்குத்தான் உதவும், ஏற்கெனவே இரண்டு பேர் ஒட்டியிருக்கும் சிட்டையைக் கழற்றிவிடாது. ஒரு சிட்டையில் எத்தனை ஆள் இணைந்திருக்கிறார் என்று காட்டும் எண்ணிக்கை நிரல் போட்டு, 1 இல்லாத சிட்டைகளை வடிகட்டிப் பாருங்கள். 2 என்று வந்தால் இரட்டைக் கடன், 0 என்று வந்தால் எவருக்கும் சேராத கடன். இரண்டுமே எங்களிடம் இருந்தன.

நிலுவை கணக்கிடுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். ரோல்அப் என்ற நிரல், இணைந்திருக்கும் எல்லாச் சிட்டைகளின் தொகையையும் கூட்டித் தரும். காசு கட்டுவதை எங்கே இணைப்பது என்பதில்தான் மாட்டினேன். நான் பார்த்த எயார்டேபிள் மாதிரிகளில் கொடுப்பனவு சிட்டையுடன் இணைந்திருக்கும், இந்தச் சிட்டைக்கு இந்தக் காசு என்று. எங்கள் ஆட்கள் அப்படிக் கட்டுவதில்லை. நெல் விற்ற கையோடு வந்து ஒரு கட்டுக் காசைத் தந்து “கணக்கில வையுங்கோ” என்பார்கள். சில நேரம் நிலுவையைவிடக் கூடுதலாகவே தந்து அடுத்த போகத்துக்கு வைத்துவிட்டுப் போவார்கள். அதைச் சிட்டை சிட்டையாகப் பிரித்துப் போட்டுப் பார்த்து ஒரு மாதம் வீணானது. பிறகு வரவுக்குத் தனி டேபிள் போட்டு, நேரே ஆளுடன் இணைத்தேன். ஆளுக்குப் பல சிட்டை, ஆளுக்குப் பல வரவு, சிட்டைக்கும் வரவுக்கும் தொடர்பே இல்லை. இரண்டு ரோல்அப், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நிலுவை. மாதிரியில் இருக்கிறதே என்று எடுக்காமல், உங்கள் கடையில் காசு எப்படி நடமாடுகிறது என்று பார்த்து இணையுங்கள்.

விலையைப் பற்றி ஒன்று. பொருள்களுக்கு ஒரு டேபிள் வைத்து, அங்கிருந்து விலையைச் சிட்டை வரிக்கு லுக்கப் என்ற, இணைந்த பதிவிலிருந்து எடுத்துக் காட்டும் நிரலில் கொண்டுவருவது அழகான வேலையாகத் தெரியும். லுக்கப் உயிரோடு இருக்கும் நிரல், மூலத்தில் விலை மாறினால் இங்கும் மாறும், போன வருடச் சிட்டையிலும் மாறும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் திரும்ப எடுத்து, அடுத்த வருடம் ரூபாயும் விழுந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது ஒவ்வொரு லொறிக்கும் ஒரு விலை. நாங்கள் அந்த நேரம் கொப்பியில் இருந்தது பாக்கியம். இப்போதும் விலை அசைகிறது. பொருள் டேபிளில் யூரியா விலையைத் திருத்திய அன்று, பழைய கடன்காரர் எல்லோருடைய நிலுவையும் ஒரே நொடியில் ஏறியது. ஒருவர் நேற்றுப் போனில் கேட்ட தொகை வேறு, இன்று நேரில் வந்து பார்த்த தொகை வேறு. விற்ற விலை சிட்டை வரியிலேயே வெறும் எண்ணாகப் பதிந்து கிடக்க வேண்டும். பொருள் டேபிளில் இருப்பது இன்றைய விலை மட்டும்.

இவ்வளவும் திருத்திய பிறகும் ஆட்கள் டேபிள் உறுத்திக்கொண்டே இருந்தது. தகப்பன் பெயரில் வயல், மகன் வந்து உரம் எடுப்பான், நெல் விற்ற காசை மருமகன் கொண்டுவருவார். வெளிநாட்டில் இருப்பவரின் காணியைக் குத்தகைக்குச் செய்பவர், தன் சொந்த வயலுக்கு வேறு, குத்தகை வயலுக்கு வேறு என்று கணக்குக் கேட்பார். நான் ‘ஒன்று’ என்று வைத்திருந்தது ஆள். கடையில் உண்மையில் ‘ஒன்று’ என்று நடமாடியது கணக்கு. கொப்பிப் பக்கத்தின் தலைப்பில் சித்தப்பா என்றைக்கோ எழுதிய முறையைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பெயருக்குக் கீழே ‘மகன், மருமகன் எடுக்கலாம்’ என்று சின்னதாக எழுதியிருந்தார். ஆகவே மேலே ‘கணக்கு’ என்று ஒரு டேபிள், அதற்குக் கீழே அந்தக் கணக்கில் எடுக்கக்கூடிய ஆட்கள் பல பேர், சிட்டைகள் பல, வரவுகள் பல. குத்தகைக்காரருக்கு இரண்டு கணக்கு. சிட்டையில் யார் கையால் எடுத்தார் என்பது தனி நிரல். இதைச் செய்த பிறகு கணக்குத் தகராறுகள் பெருமளவு குறைந்தன, தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் வரும் சண்டையைத் தவிர. அதற்கு டேட்டாபேஸ் இல்லை. நோ-கோட் பழக வருகிறவர்கள் எந்தப் பட்டனை அழுத்துவது என்று கேட்கிறார்கள். அதைவிட நேரத்தை இங்கே செலவழியுங்கள்: உங்கள் தொழிலில் அந்த ‘ஒன்று’ எது? சங்கம் என்றால் உறுப்பினரா, குடும்பமா? பால் சேகரிப்பு என்றால் ஆளா, மாட்டுப்பட்டியா? அதைப் பிழையாகப் பிடித்தால் கீழே இணைந்த எல்லாவற்றையும் கழற்றிப் பூட்ட வேண்டிவரும்.

பல என்கிற பக்கம் வளரும் வேகத்தையும் முன்கூட்டியே பாருங்கள். எயார்டேபிள் இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு (டேபிள்கள் சேர்ந்த ஒரு தொகுப்புக்கு) 1,000 பதிவுதான், அதுவும் எல்லா டேபிளையும் சேர்த்து. கமக்காரர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தாராளம். ஒரு சிட்டையில் நாலு பொருள் என்று வரி வரியாகப் போனால் ஒரு போகம்கூடத் தாங்காது. டொலரில் மாதச் சந்தா கட்டச் சித்தப்பா விடவில்லை, எனவே கூகிள் ஷீட்ஸுக்கு மேல் ஓடும் ஆப்ஷீட்டுக்கு மாறினேன். உறவை அங்கே ‘ரெஃப்’ என்பார்கள், எண்ணம் ஒன்றுதான். சிக்னல் இல்லாத இடத்திலும் பதியலாம், பிறகு சேர்ந்துகொள்ளும் என்பது எங்கள் பக்கத்துக்குப் பெரிய உதவி. ஆனால் இரண்டு போனில் சிக்னல் இல்லாமல் பதியும்போது சிட்டைக்கு 101, 102 என்று தொடர் இலக்கம் வைத்தால் இரண்டிலும் ஒரே இலக்கம் விழும். சிட்டைக்கு அது தானாகத் தரும் யுனிக் ஐடியை வையுங்கள். நிரையின் இலக்கத்தைச் சாவியாக, அதாவது ஒரு பதிவை அடையாளம் காட்டும் இலக்கமாக, வைக்கவே வேண்டாம், நடுவில் ஒரு நிரையை அழித்தால் கீழே உள்ளவை எல்லாம் இடம் மாறி, ஒருவரின் சிட்டை அடுத்தவரிடம் போய்விடும். அழிப்பதிலும் இரண்டும் வேறு மாதிரி. எயார்டேபிளில் கணக்கை அழித்தால் சிட்டைகள் அநாதையாக நிற்கும். ஆப்ஷீட்டில் ‘இதன் ஒரு பகுதி’ என்ற தெரிவைப் போட்டிருந்தால் சிட்டைகளும் கூடவே போய்விடும். நாங்கள் எதையும் அழிப்பதில்லை, ‘முடிந்தது’ என்று ஒரு குறி மட்டும்.

ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது, எயார்டேபிளிலிருந்து சி.எஸ்.வி கோப்பாக இறக்கினால் இணைப்புகள் வெறும் எழுத்தாகத்தான் வரும், முதல் நிரலில் என்ன இருக்கிறதோ அது. கே இலக்கம் அதில் இருந்ததால்தான் எங்களால் திரும்ப இணைக்க முடிந்தது. மாற்றிய பிறகு நிலுவைகளின் மொத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஒருவரின் சிட்டை அடுத்தவர் தலையில் ஏறியிருந்தாலும் மொத்தம் மாறாது. கணக்குக் கணக்காக ஒப்பிட வேண்டும். எங்களுக்கு அப்படிப் பார்த்ததில் மூன்று கணக்கு இடம் மாறியிருந்தது. இந்த வேலையைப் புரட்டாதியில் செய்யுங்கள். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கடையில் மூச்சுவிட நேரம் இராது.